ஆற்றுச் சுவர் – 14: மஞ்சள் மண்

அத்திக் கன்றுகள் ஏன் வரிசையாகப் பட்டுப்போகின்றன என்று பெரியவள் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள் அல்லவா? அதன் முடிவு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தது.

பழைய சாய மில்லின் முற்றத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகைதான் அவளுடைய ஆபீஸ். மில் மூடி இருபத்தாறு வருஷம் ஆகிறது. செங்கல் கட்டடத்தை இடிக்காமல் நூலகமாக மாற்றுகிறார்கள். கட்டடத்துக்கு வெளியே, ஆற்று விளிம்பு வரைக்கும் கிடக்கிற நிலம் முழுவதையும் வடிவமைக்கும் பொறுப்பு பெரியவளுடையது. கட்டட வேலைக்கு மேலாளர் அவள் தம்பி. வீட்டில் சின்னவன், இங்கே எல்லோருக்கும் சார். அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பது அம்மாவுக்கு வாய் கொள்ளாத பெருமை.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெருமை ஏனோ ஒட்டவில்லை. இத்தனைக்கும் இதே மில்லில் இருபத்தைந்து வருஷம் சாய மாஸ்டராக இருந்தவர். போன வியாழக்கிழமை மத்தியானம் பெரியவள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, "ஆத்துச் சுவரை முழங்கால் உயரத்துக்கு அறுத்துடப் போறோம்ப்பா. தண்ணி ஏறினா படிப்படியா உள்ள வந்துட்டுப் போகட்டும்" என்று சொன்னபோது, பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தவர்தான். இன்றோடு நாலு நாள் ஆகிறது, பேச்சே இல்லை.

பெரியவள் கணினியில் வந்திருந்த அறிக்கையை மூன்று தடவை படித்தாள். குரோமியம், அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு. அதற்குக் கீழே ஈயம். அதற்கும் கீழே அவள் பெயர்கூடக் கேள்விப்படாத இன்னும் இரண்டு.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாள் நடவு வேலை மேஸ்திரி. ஐம்பது வயதுக்காரி. கன்று பட்டுப்போனதற்குத் தண்ணீர் ஊற்றாததுதான் காரணம் என்று யாரோ சொன்னதிலிருந்து, மூன்று வாரமாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவள்.

"உங்க மேல தப்பில்ல. மண்ணுதான் விஷம்."

மேஸ்திரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. மேல ஒரு முழம் நல்ல மண்ணு. அதுக்குக் கீழ மஞ்சளா, சோப்பு மாதிரி வழுவழுன்னு..." சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னவன் பத்து மணிக்கு வந்தான். கையில் ஒரு காகிதம்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. சுவர் அறுக்கிற மெஷின் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வருது. நிலம் தயார்னு நீ எழுதிக் கொடுத்தாத்தான் அவங்க கை வைப்பாங்க."

அவள் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். சின்னவன் நின்றபடியே படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. ஆனாலும் மேலாளர் அல்லவா? அரை நிமிஷத்தில் சமாளித்துக்கொண்டான்.

"சரி. கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மேல ரெண்டு அடிக்குப் புது மண்ணைக் கொட்டிடலாம். எத்தனையோ இடத்துல அப்படித்தான் செய்யறாங்க."

"மத்த இடத்துல செய்யலாம்டா. இங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆறு ஏறும். சுவர் இருக்கிற வரைக்கும் தண்ணி வெளியில நிக்கும். அதை அறுத்துட்டா, கீழே ஊறி, இதையெல்லாம் கரைச்சு எடுத்துக்கிட்டுத் திரும்ப ஆத்துக்கே போகும். கீழ்க்கரையில மூணு இடத்துல குடிக்கத் தண்ணி எடுக்கிறாங்க."

"சுவரை அறுக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீதானே?"

"நான்தான்."

மேஜையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தாள். சுவருக்குப் பதிலாக அகலமான கல் படிகள், அவற்றின் இடுக்கில் நாணலும் கோரையும், வெள்ளம் வடிந்த பிறகு குழந்தைகள் கால் நனைக்க ஒரு மணல் முற்றம். அந்த வரைபடத்துக்காகத்தான் இந்த வேலையே அவளுக்குக் கிடைத்தது.

"எங்க எங்க புதைச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா, அந்த மண்ணை மட்டும் தோண்டி எடுத்துடலாம்" என்றாள். "தெரியலைன்னா மொத்த நிலத்தையும் கிளறணும். மில் மூடினப்போ ஏதாவது எழுதி வச்சிருப்பாங்க."

மில்லின் பழைய கோப்புகள் கொட்டகையின் மூலையில் ஒரு பெட்டியில் இருந்தன. கட்டடத்தின் அளவுகளுக்காக அவள் பலமுறை புரட்டியவைதான். மூடுவிழாக் காகிதங்களை மட்டும் இதுவரை அவள் தொட்டதில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள். சின்னவன் கையில்தான் அது அகப்பட்டது. பழுப்பேறிய ஒற்றைத் தாள்.

'ஆலை வளாகத்தினுள் சாயக் கழிவு எதுவும் எக்காலத்திலும் புதைக்கப்படவில்லை என உறுதி கூறுகிறேன்.'

கீழே, 'சாயப் பிரிவுப் பொறுப்பாளர்' என்பதற்கு மேலே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் இடப்பக்கமாகத் திரும்பி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போட்டிருந்தது. அந்தக் கையெழுத்தை அவர்கள் இருவருக்கும் யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் மாசாமாசம் பார்த்ததுதான்.

வெளியே எங்கேயோ கல் அறுக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"இதைப் பெட்டியில வச்சிடுக்கா" என்றான் சின்னவன்.

"அறிக்கையை நான் அனுப்பித்தான் ஆகணும். அனுப்பினா முதல் கேள்வியே, மூடினப்போ யாரு கையெழுத்துப் போட்டதுன்னுதான் வரும்."

"அதனாலதான் சொல்றேன். எழுபத்திரண்டு வயசுல அவரை விசாரணைக்கு இழுக்கணுமா? பேப்பர்ல பேரு வரணுமா? இந்தத் தெரு முழுக்க அவரை இன்னும் மாஸ்டர் மாஸ்டர்னு கும்பிடுது. நீ கொஞ்சம் பூசி மெழுகினா யாருக்கு என்ன போயிடும்?"

"போன வாரம் உன் பொண்ணை இங்க கூட்டிட்டு வந்து, மணல் முற்றம் எங்க வரும்னு காட்டினியே, அப்ப என்ன சொன்ன அவகிட்ட?"

சின்னவன் தரையிலிருந்து எழுந்தான். கையெழுத்து வேண்டி வந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

*

வீட்டுக் கதவை அம்மாதான் திறந்தாள்.

"வந்தியா? நாலு நாளா வாயில பூட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். சாவி உன்கிட்ட இருந்தா திற. எனக்குச் சுவரோட பேசிப் பேசி அலுத்துப்போச்சு."

மாஸ்டர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள், ஆனால் கண்ணாடி நெற்றியில். மகளைப் பார்த்ததும், அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பெரியவள் தாளை அவர் முன்னால் வைத்தாள். வழியெல்லாம் கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். கேட்டபோது குரல் தாழ்ந்தே வந்தது.

"இது உங்க கையெழுத்துதானேப்பா?"

"என்னோடதுதான்."

"புதைக்கலைன்னு போட்டிருக்கு."

"புதைச்சோம்மா. ஏழு குழி."

அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

மாஸ்டர் மென்று விழுங்காமல் சொன்னார். நாலு நாளாக உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போலும்.

"முன்னாடியெல்லாம் தொட்டி கழுவின தண்ணி நேரா ஆத்துக்குத்தான் போகும். மீன் செத்து மிதக்கும். சோதனைக்கு ஆள் வர ஆரம்பிச்சதும் மேனேஜர் கூப்பிட்டு, அடியில தங்கற சக்கையை மட்டும் வளாகத்துக்குள்ளேயே புதைச்சிடுங்கன்னார். எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. ஆத்துல விடல, வெளியில கொண்டுபோய் யார் தலையிலயும் கொட்டல. கரையில அவ்வளவு பெரிய சுவர் இருக்கு, உள்ளேயே கிடந்துட்டுப் போகுதுன்னு நினைச்சேன். பெருமையாக்கூட இருந்துச்சும்மா எனக்கு."

"அப்புறம் ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"மூடற அன்னைக்கு இந்தத் தாளை நீட்டினாங்க. இதுல கையெழுத்து விழுந்தாத்தான் மூட அனுமதி வரும், வந்தாத்தான் ஆளுங்களுக்கு விடுவிப்புக் கடிதம்னாங்க. இருநூறு பேர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. வேற மில்லுல வேலை தயாரா இருக்கு, கடிதம் இல்லாம சேத்துக்க மாட்டாங்க." அவர் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டார். "அதுதான் காரணம்னு இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான். எனக்கும் பயம். குழி வெட்டினவன் காலைப் பாத்ததுலேருந்தே பயம்."

"யாரு, நெட்டையனா?" என்றாள் அம்மா.

மாஸ்டர் தலையாட்டினார். நெட்டையன் மில்லில் குழி வெட்டுகிற, மூட்டை தூக்குகிற ஆள். அவன் காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா களிம்பு வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மில் மூடிய மறுவருஷம் அவன் செத்துப்போனான்.

"சர்க்கரை வியாதின்னு சொன்னீங்களே."

"அப்படித்தான் சொன்னேன்."

அம்மா அங்கேயே, நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள், இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசினாள்.

"இருபது வருஷம் உங்க சட்டையிலேருந்து அந்த மஞ்சளைத் துவைச்சிருக்கேன். எதைத் துவைக்கிறேன்னு ஒரு நாள் என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

மாஸ்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்தார்.

பெரியவளுக்கு அப்பாவின் தோளைத் தொட வேண்டும் போலவும், இந்த வீட்டை விட்டே எழுந்து போய்விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "எங்கெங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணை மூடினா அதுதானே தெரியுது."

மாஸ்டர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது தடுமாறினார். அம்மா எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பிடித்தாள். செருப்பு மாட்டி முடிக்கிற வரைக்கும் விடவில்லை.

*

மில் வாசலில் அப்பாவைக் கண்டதும் சின்னவன் ஓடிவந்தான்.

"நீங்க எதுக்குப்பா வெயில்ல? அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? அந்தத் தாளைப் பெட்டியிலயே வச்சிடுன்னு சொன்னேன் இல்ல?"

"அவ கூப்பிடல. நானாத்தான் வந்தேன்" என்றார் மாஸ்டர். "என்னைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு நீயும் ஒரு தாள்ல பொய்யா எழுதிடாதேடா. நான் எழுதினது போதும்."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

மாஸ்டர் நேராக மில்லின் பழைய புகைபோக்கியின் அடிக்குப் போனார். மேஸ்திரி ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூளும், மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புக் குழாயும் கொண்டுவந்தாள். அவளுக்கும் இன்னும் இரண்டு வேலைக்காரர்களுக்கும் ரப்பர் கையுறை கிடைக்கிற வரைக்கும் பெரியவள் யாரையும் தொடவிடவில்லை.

"புகைபோக்கியிலேருந்து ஆத்தைப் பாத்து முப்பத்தெட்டு அடி எடுத்து வைக்கணும். அங்கேயிருந்து இடது கைப் பக்கம் பன்னிரண்டு. அதுதான் முதல் குழி" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் நடந்தார். முப்பத்தெட்டு எண்ணி, திரும்பி, பன்னிரண்டு எண்ணி நின்றார். மேஸ்திரி குழாயை இறக்கி எடுத்தாள். வந்தது நல்ல கறுப்பு மண்.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி புகைபோக்கிக்கு வந்து முதலிலிருந்து எண்ணினார். அதே இடம், அதே கறுப்பு மண். அவர் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு கலக்கம் வந்தது.

"தப்பாது. நானே நடந்து அளந்துதான் ஆளை விட்டு வெட்டினேன்."

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பெரியவள்தான் அப்பாவின் கால்களைக் கவனித்தாள். முழங்கால் வலிக்காக அவர் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் தேறும்.

"அப்பா, அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு முப்பத்தெட்டு. அப்பாவின் அதே உயரம், அதே நீளக் கால்கள்.

மாஸ்டருக்கும் புரிந்தது. மகனிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

சின்னவன் வந்து புகைபோக்கியில் முதுகை ஒட்டி நின்றான். பிறகு ஆற்றைப் பார்த்து நடந்தான். "ஒண்ணு... ரெண்டு..." என்று அப்பா பின்னாலிருந்து எண்ணினார். முப்பத்தெட்டு. இடது கைப் பக்கம் பன்னிரண்டு. பட்டுப்போன அத்திக் கன்றுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றான்.

மேஸ்திரி குழாயை இறக்கினாள். முழுக்கக்கூட இறங்கவில்லை, வெளியே இழுத்தபோது அதன் நுனியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டையின் கருவைப்போலப் பளபளவென்று, பார்க்க அழகாகவே இருந்தது.

சின்னவன் அதைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். கொஞ்சம் தள்ளிப் போய்க் கைபேசியில் பேசினான். "நாளைக்கு மெஷின் வர வேண்டாம்... இல்ல, தள்ளி வைக்கல. வேண்டாம்னு சொல்றேன். காரணத்தை எழுத்துலயே அனுப்பறேன்." பேசிவிட்டு, இரண்டாவது குழிக்காகப் புகைபோக்கிக்குத் திரும்பி வந்து நின்றான்.

அப்பா எண்ண, மகன் நடக்க, மேஸ்திரி துளைக்க, பெரியவள் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனாள். மூன்றாவது குழி சரியாக மணல் முற்றத்துக்குக் கீழே இருந்தது. நாலாவது, படிகள் தொடங்குகிற இடத்தில். ஒவ்வொன்றின் மேலும் மாஸ்டர் தன் கையாலேயே சுண்ணாம்பைத் தூவி வட்டம் போட்டார். வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக அவரவர் வேலையை விட்டுவிட்டு வந்து சுவரோரமாக நின்று பார்த்தார்கள். மணி மூன்றாவதற்குள் ஆறு வட்டங்கள் விழுந்துவிட்டன.

"ஏழாவதுதான் பெருசு" என்றார் மாஸ்டர். "புகைபோக்கியிலேருந்து வடக்கே, நேரா அறுபது."

சின்னவன் நடந்தான். நாற்பத்து நாலாவது எட்டில் வளாகத்தின் வடக்குச் சுவர் அவன் நெஞ்சில் முட்டியது.

"அப்பா, சுவர் வந்துடுச்சு."

"இந்தச் சுவர் பின்னால கட்டினது. நிலத்தைப் பிரிச்சுக் கொடுத்தப்போ. இன்னும் பதினாறு பாக்கி."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மணி அடித்தது. உடனே குழந்தைகளின் கூச்சல் கிளம்பியது. யாரோ யாரையோ துரத்துகிறார்கள். ஒரு பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. தொடக்கப் பள்ளிக்கூடத்தின் இடைவேளை.

பெரியவள் வரைபடத்தைப் பார்த்தாள். வடக்குச் சுவரோடு அவளுடைய தாள் முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் வெள்ளை.

"இந்தப் பள்ளிக்கூடம் கட்டி இருபது வருஷம் ஆச்சேப்பா" என்றான் சின்னவன். "கட்டினப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"தெருவுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்னேன். அடித்தளம் தோண்டறப்போ ரெண்டு நாள் வந்தேன். கட்டடத்தைத் தள்ளித்தான் கட்டினாங்க, இந்த இடத்தை விளையாட விட்டுட்டாங்க. தோண்டலையே, மூடித்தானே இருக்குன்னு வீட்டுக்குத் திரும்பிட்டேன்." மாஸ்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லல."

சின்னவன் அப்பாவைப் பார்த்த பார்வையைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. அவன் அடிக்கப் போகிறானோ, அழப் போகிறானோ என்று பயந்து ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. மேஸ்திரியின் கையிலிருந்து சுண்ணாம்பு வாளியை வாங்கிக்கொண்டான்.

"வாங்க" என்றான் அப்பாவிடம்.

மூவரும் மில் வாசலைச் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவு தாழிட்டிருந்தது. சின்னவன் தட்டினான். தலைமை ஆசிரியை தானே வந்தார். அவருக்குப் பின்னால், திறந்த வெளியில், ஐம்பது அறுபது குழந்தைகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடினார்கள். ஒரு குட்டிப் பெண் மண்டிபோட்டு உட்கார்ந்து, குச்சியால் எதையோ தோண்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல நூலகம் கட்டறவங்கதானே? சொல்லுங்க சார். என்ன விஷயம்?" என்றார் தலைமை ஆசிரியை சிரித்த முகமாக.

சின்னவன் பேச வாயெடுத்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"அம்மா, நான் சொல்றேன்" என்றார். "முதல்ல பிள்ளைங்களை உள்ள கூப்பிடுங்க."